துணையா, ஆணையா? – தேநீர்க்கடைப் பொறியும் அஞ்சலகப் பொறியும்

தொழில் நிறுவனங்களில் இன்று இரண்டு பெயர்கள் பெருவழக்காய் வழங்குகின்றன. ஒன்று, நிறுவன வளத் திட்டமிடல் எனத் தமிழில் சொல்லப்பெறும் ஈ.ஆர்.பி. மற்றொன்று, முடிவுத் துணை முறை எனப்பெறும் டி.எஸ்.எஸ். முன்னது, ஒரு நிறுவனத்தின் கொள்முதல், கையிருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம் ஆகிய யாவற்றையும் ஒரே கணிப்பொறி ஏட்டில் கோத்து வைக்கும் ஏற்பாடு. பின்னது, அவ்வேட்டில் திரண்ட எண்களைச் சலித்தும் கூட்டியும் ஒப்பிட்டும், 'இன்னது செய்தால் இன்னது விளையலாம்' என நிர்வாகிக்கு எடுத்துக் காட்டும் ஏற்பாடு.

இவற்றைப் புகழ்ந்து எழுதப்பட்ட நூல்கள் பல. இவற்றால் ஆட்குறைப்பு நேரும் என அஞ்சி எழுதப்பட்டவையும் உண்டு. இக்கட்டுரை இவ்விரு வழியிலும் செல்லவில்லை. பெயரிலேயே உள்ள 'துணை' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். துணை என்பது யாது? வள்ளுவப் பெருந்தகை, பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் அரசனுக்குத் துணையாகத் தேடச் சொன்னது, தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணிவுடையோரை. எனவே துணைக்கும் துணைகொள்வோனுக்கும் இடையே மறுத்துப் பேசும் உரிமை இருத்தல் வேண்டும். அவ்வுரிமை நீங்கிய மறுகணம் துணை ஆணையாகி விடுகிறது.

ஒரு கணக்குப் பொறி நல்லதா, தீயதா என்பதை அதன் வேகத்தைக் கொண்டோ விலையைக் கொண்டோ அளத்தல் பொருந்தாது என்பதே எம் கருத்து. அப்பொறிக்குள் எண்ணை இடும் அடிமட்ட மனிதன், 'இந்த எண் தவறு' என்று சொல்ல இடமுண்டா? சொன்னால் கேட்பார் உண்டா? இதுவே உரைகல். இவ்வுரைகல்லில் இரண்டு பொறிகளை உரசிப் பார்ப்போம். இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை. வணிக வழியில் ஒரே கொடியைச் சேர்ந்தவை. ஆயினும் ஒன்று அமுது, மற்றொன்று நஞ்சு.

தோட்டத்துக் கணக்கு

அதற்கு முன், நம் வாசகர்கள் பலர் வீட்டளவில் அறிந்த ஒரு கணக்கு முறையை நினைவூட்டுதல் நலம். ரப்பர்த் தோட்டம் என்பது கணிப்பொறி வருமுன்னரே எண்களால் ஆளப்பட்ட ஒரு சிற்றரசு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கணக்கு எடுக்கப்படும். பால்மரம் வெட்டி முடித்து வாளிகள் கொட்டகைக்கு வந்ததும், பால் நிறுக்கப்படும். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அதன் ரப்பர்ச் சத்து மதிப்பிடப்படும். ஒட்டுப்பால் தனியே நிறுக்கப்படும். இவையெல்லாம் கிராணியின் ஏட்டில் ஏறி, செக்ரோலில் திரண்டு, மாத இறுதியில் சம்பளமாகத் திரும்பி வரும். அதே எண்கள் கூட்டுத்தொகையாகச் சுருங்கி, மேலாளர் அறிக்கையாகி, தோட்டங்களை நடத்திய முகவர் நிறுவனங்களின் வழியே லண்டன் இயக்குநர்களின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தன. மரத்தைக் கண்ணால் காணாதவர்கள் மரத்தைப் பற்றி முடிவெடுத்தார்கள். ஈ.ஆர்.பி. என்னும் பெயர் இல்லையே தவிர, கருத்து அதுதான்.

இம்முறையில் குறைகள் மலிந்திருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிராணியின் பேனா சாய்ந்த பக்கம் கணக்கும் சாயும். மெட்ரோலாக்கும் ஒரு சராசரிப் பாலை மனத்திற் கொண்டு அளவிடப்பட்ட கருவி. மரத்தின் இனமும் பருவமும் மாறும்போது அது காட்டும் அளவு உண்மையினின்று சற்றே விலகும். அந்த விலகல் சம்பளத்திலும் தலைகாட்டும்.

இருப்பினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நிறுவையின்போது பால்வெட்டுக்காரர் தராசின் முன் நின்றார். முள் எங்கே நின்றது என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. 'ஐயா, குறைச்சுப் போடுறீங்களே' என்று கேட்க அவருக்கு வாயும் இருந்தது. கேட்பதற்கு எதிரே ஒரு முகமும் இருந்தது. கேட்டால் நியாயம் கிடைத்ததா என்பது வேறு. கிடைக்காத நாள்களே மிகுதி எனலாம். ஆனால் எண் பிறக்கும் இடத்திலேயே அதனை மறுக்கும் வாய்ப்பு இருந்தது. இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, தோட்டத்துத் தேயிலை போய்ச் சேர்ந்த நாட்டிற்குச் செல்வோம்.

தேநீர்க்கடைப் பொறி

உலகில் வணிக வேலைக்கென்று முதன்முதலில் கணிப்பொறியை முறையாகப் பயன்படுத்திய நிறுவனம் எது என்று கேட்டால், பெரிய வங்கி என்றோ, ஆயுதத் தொழிற்சாலை என்றோ பலர் விடை கூறுவர். உண்மையில் அது ஒரு தேநீர்க்கடை நிறுவனம். லண்டன் முதலிய நகரங்களில் தேநீர்க்கடைகளும், அவற்றுக்குப் பண்டம் வழங்கும் பெரிய அடுமனைகளும் நடத்திவந்த ஜே. லயன்ஸ் கம்பெனியே அது. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு ரொட்டித் துண்டிலும் கிடைக்கும் இலாபம் மிக நுண்ணியது. எனவே எழுத்தர் செலவைக் குறைப்பது அந்நிறுவனத்திற்கு உயிர்நிலையான கவலையாயிற்று. 1930களின் தொடக்கத்திலேயே அங்கு ஜான் சிம்மன்ஸ் என்பாரின் மேற்பார்வையில், அலுவலக வேலைமுறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இயங்கியது.

1947இல் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்னும் இருவரை அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அலுவலக முறைகளைக் காணச் சென்ற அவர்கள், கணிப்பொறி என்னும் புதுப்பொருளைப் பற்றி அறிந்தனர். தம் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் அத்தகைய பொறி ஒன்றைக் கட்டி வருகிறார் என்பதும் அங்கேதான் தெரியவந்தது. லயன்ஸ் அப்பணிக்கு 3,000 பவுன் உதவியது. கேம்பிரிட்ஜின் 'எட்சாக்' பொறி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய பின், அதனைப் பின்பற்றித் தனக்கென ஒரு பொறியைக் கட்டிக்கொண்டது. அதன் பெயர் 'லியோ'. லயன்ஸ் மின்னணு அலுவலகம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. 1951 நவம்பரில் அடுமனைப் பண்டங்களின் மதிப்புக் கணக்கை அது போடத் தொடங்கியது. ஏறத்தாழ 6,000 வால்வுகள் எரிந்த அப்பொறி ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டிருந்தது.

நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி 1954இல் தொடங்கிய தேநீர்க்கடை வழங்கல் வேலையாகும். ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய வழக்கமான தேவை பொறியில் பதிந்து வைக்கப்பட்டது. பிற்பகலில் தலைமையகத்திலிருந்து ஒருவர் ஒவ்வொரு கடை நிர்வாகிப் பெண்மணியையும் தொலைபேசியில் அழைத்து, 'நாளைக்கு என்ன மாற்றம்?' என்று கேட்பார். மழை வருமென்றால் அவர் குறைத்துச் சொல்வார். பக்கத்தில் ஒரு விழா நடக்கிறதென்றால் கூட்டிச் சொல்வார். அந்த மாற்றங்கள் மட்டும் அட்டையில் துளையிடப்பட்டுப் பொறிக்குள் செல்லும். இரவுக்குள் எந்தக் கடைக்கு எத்தனை கேக், எத்தனை ரொட்டி என்னும் பட்டியல் வெளிவரும்.

இதன் நுட்பத்தை நோக்குக. பொறி அறிந்தது, கடந்த நாள்களின் வழக்கம். கடைக்காரப் பெண்மணி அறிந்தது, நாளைய தெருவின் நிலைமை. இவ்விரண்டையும் தொலைபேசி இணைத்தது. கடைசிச் சொல் அப்பெண்மணியுடையதாக இருந்தது. டேவிட் காமினர் முதலிய லியோ வல்லுநர்கள் ஒரு வேலையைப் பொறியிடம் ஒப்படைக்குமுன் அவ்வேலையை நேரிற்சென்று அடிமுதல் ஆராய்ந்தனர். சம்பளக் கணக்கைப் பொறிக்கு மாற்றியபோது, எழுத்தர் கணக்கும் பொறிக் கணக்கும் சில காலம் இணையாகப் போடப்பட்டு ஒத்துப் பார்க்கப்பட்டன. பொறியை நம்புமுன் பொறியைச் சோதிக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட ஒழுக்கம். முடிவுத் துணை என்னும் பெயர் அன்று பிறக்கவில்லை. பொருள் பிறந்துவிட்டது.

ஒரே ஏட்டின் பெருமையும் சிறுமையும்

பின்னர் வந்த வளர்ச்சியைச் சுருங்கக் காண்போம். 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி என்னும் பொறியாளர், இறுதிப் பொருளின் தேவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த உதிரிப்பாகம் எப்போது எத்தனை வேண்டும் எனக் காட்டும் பொருள்தேவைத் திட்டமிடலை வளர்த்தார். 1972இல் ஜெர்மனியில், ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கும் கையிருப்பும் உடனுக்குடன் ஒரே தரவில் சேர வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. 1990இல் கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனம் ஈ.ஆர்.பி. என்னும் பெயரைச் சூட்டியது. தமிழ்நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1990களிலேயே சென்னையில் ராம்கோ குழுமம் 'மார்ஷல்' என்னும் ஈ.ஆர்.பி. மென்பொருளை உருவாக்கி விற்றது.

ஒரே ஏட்டின் பயனை மறுப்பார் இலர். விற்பனைப் பகுதி ஓர் எண்ணும், பண்டகசாலை வேறோர் எண்ணும், கணக்குப் பகுதி மூன்றாவது எண்ணும் சொல்லிச் சண்டையிட்ட காலம் போயிற்று. ஓரிடத்தில் ஒருமுறை பதிந்தது எல்லா இடத்திலும் தெரியும். ஆயினும் இதே சிறப்புத்தான் ஆபத்தும் ஆகிறது. ஓரிடத்தில் ஒருமுறை தவறாகப் பதிந்ததும் எல்லா இடத்திலும் தெரியும். அது பலவிடத்துத் தெரிவதாலேயே உண்மைபோல் தோன்றும்.

அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நான்காண்டில் செய்ய வேண்டிய மாற்றத்தை இரண்டரை ஆண்டில் முடிக்க அது முனைந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் வீடுவீடாக இனிப்புக் கேட்கும் ஹாலோவீன் திருநாளுக்குச் சற்றுமுன், 1999 ஜூலையில் புதிய ஏற்பாட்டை முழுதாகத் திறந்தது. பண்டகசாலையில் மிட்டாய் குவிந்து கிடந்தது. கடைகளுக்கோ போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் பெறுமான வேண்டுகைகள் நிறைவேறாது நின்றன. திருநாள் நெருக்கடியில் சரக்கைத் தற்காலிகமாக அடுக்கி வைக்கும் மூலைமுடுக்கு அறைகள் புதிய ஏட்டில் இடங்களாகவே பதியப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அங்கு மிட்டாய் இருப்பது பண்டகசாலைத் தொழிலாளிக்குத் தெரியும். பொறிக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறிக்கு உதவும் சுரைக்காய் கொல்லையில் இருந்தும், ஏட்டில் இல்லாமையால் எவரும் பறிக்கவில்லை.

இந்த ஆபத்தை அறிஞர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். 1971இல் காரி, ஸ்காட் மார்ட்டன் என்னும் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நிர்வாக முடிவுகள் ஒழுங்கு அமைந்தவை, ஓரளவு ஒழுங்கு அமைந்தவை, ஒழுங்கு அமையாதவை என மூவகையாகப் பிரிக்கப்பட்டன. முதல்வகையைப் பொறியே முடித்துவிடலாம். மற்ற வகைகளில் பொறி எண்ணைத் தரட்டும். தீர்ப்பை மனிதன் தரட்டும் என்பது அவர்கள் கருத்தின் சாரம். அவ்விடத்தில்தான் முடிவுத் துணை என்னும் பெயர் பொருள் பெறுகிறது. ஒரு மனிதன் திருடனா அல்லனா என்பது எவ்வகையிலும் முதல்வகையைச் சேராது. ஆனால் அப்படிச் சேர்த்துவிட்ட ஒரு பொறியின் கதை இனி வருகிறது.

அஞ்சலகப் பொறி

லியோ பொறியின் வணிக வழித்தோன்றலைக் காண்போம். லியோ நிறுவனம் 1963இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் இணைந்தது. பல இணைப்புகளின் பின் 1968இல் ஐ.சி.எல். நிறுவனம் அமைந்தது. 1990இல் அதன் பெரும்பங்கை ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்கியது. அந்த ஐ.சி.எல். கட்டியதுதான் பிரிட்டிஷ் அஞ்சலகத்தின் 'ஹொரைசன்' ஏற்பாடு. 1999, 2000 ஆண்டுகளில் அது நாடெங்கும் கிளை அஞ்சலகங்களில் பொருத்தப்பட்டது. குடிப்பெயர் ஒன்றே; குணம் மட்டும் மாறிற்று.

அந்நாட்டுக் கிளை அஞ்சலகங்கள் பலவற்றை நடத்துபவர்கள் சிறு கடைக்காரர்கள். கடையின் ஒரு மூலையில் அஞ்சல்தலை, ஓய்வூதியம், பணவிடை முதலியவற்றை ஒப்பந்த அடிப்படையில் கவனித்துக்கொள்பவர்கள். அவர்களுள் தெற்காசிய வம்சாவளியினரும் பலர். இவர்களைக் கிளை அஞ்சலதிபர் என்போம். நாளின் இறுதியில் பொறி ஒரு தொகை காட்டும். பெட்டியில் வேறொரு தொகை இருக்கும். குறைந்த பணத்தை அஞ்சலதிபர் தம் கைப்பணத்தால் நிரப்ப வேண்டும் என்று அஞ்சலகம் வற்புறுத்தியது. பலர் சேமிப்பை இழந்தனர். வீட்டை அடகு வைத்தனர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர், 'இப்படிப் புகார் சொல்பவர் நீங்கள் ஒருவர்தான்' என்னும் விடையைப் பெற்றதாகப் பின்னர்ச் சாட்சியம் கூறினர்.

லயன்ஸ் கடைப் பெண்மணிக்கு வந்த தொலைபேசி அழைப்பையும், இந்த அஞ்சலதிபர் செய்த தொலைபேசி அழைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில், மையம் விளிம்பை அழைத்து 'உனக்குத் தெரிந்ததைச் சொல்' என்றது. பின்னதில், விளிம்பு மையத்தை அழைத்தபோது 'உன்னைத் தவிர எல்லாரும் சரி' என்று வாயடைக்கப்பட்டது. கணக்கு முடிக்கும் திரையிலேயே 'இதனை நான் ஒப்பவில்லை' எனக் குறிக்க வழியில்லை. ஒப்புக்கொண்டால்தான் மறுநாள் கடை திறக்கலாம். மறுக்கும் பொத்தான் ஒன்று இல்லாமையே இந்தப் பெருந்துயரின் வித்து என்று கூறினும் மிகையாகாது.

பொறியில் பிழை இருந்ததா? இருந்தது. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் ஊரில் 2015இல் நடந்ததைச் சொல்லலாம். ஒரு பெண்மணி 8,000 பவுனைக் கணக்கில் ஏற்றப் பொத்தானை அழுத்தினார். திரை அசையவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலையும் பொறி தனி வரவாகப் பதிந்து 32,000 பவுன் என்று காட்டியது. இல்லாத 24,000 பவுனுக்கு அவர் பொறுப்பாளி ஆனார்! இப்பிழை பின்னர் நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. அன்றியும், கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்து எவரும் தொட முடியாது என அஞ்சலகம் நெடுங்காலம் சாதித்துவந்தது. ஃபுஜிட்சு பணியாளர்களால் அது இயலும் என்பது பிறகு வெளிப்பட்டது.

1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சலகமே. சிலர் சிறை சென்றனர். சிலர் ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி ஊரையே விட்டனர். வேல்ஸ் பகுதியில் தம் அஞ்சலகத்தை இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் விடாது முயன்று, 555 பேரைத் திரட்டி வழக்காடினார். 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர், பொறியில் பிழைகள் இருந்தன எனத் தீர்ப்பளித்தார். அஞ்சலகத்தின் மறுப்பு, பூமி தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பானது என்னும் கருத்தையும் எழுதினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. 2024 மே மாதம் பாராளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி, எஞ்சியோரின் தண்டனைகளையும் பெருமளவில் துடைத்தது. 2025 ஜூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, இத்துயரால் 13 பேரேனும் தம் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்கிறது. அவ்வுயிர்களைத் திருப்பித் தரும் சட்டம் எந்தப் பாராளுமன்றத்திலும் இல்லை.

ஓர் எதிர்வாதம்

இவ்விடத்தில் அறிவுடையார் சிலர் ஒரு தடை எழுப்புவர். 'மனிதன் எழுதிய கணக்கில் மட்டும் பிழையும் களவும் இல்லாமல் இருந்தனவா? கிராணியின் பேனாவை விடப் பொறி நேர்மையானதன்றோ? பொறிக்கு உறவினன் இல்லை. கையூட்டு வாங்கும் கையும் இல்லை' என்பர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. தோட்டத்து ஏட்டில் ஆள் வந்தும் பெயர் விழாத நாள்களை நம் பெரியோர் அறிவர். பொறி அத்தகைய ஓரவஞ்சனையைக் குறைத்திருக்கிறது; அதனை ஏற்கிறோம்.

ஆனால் கிராணியின் பிழைக்கும் பொறியின் பிழைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிராணி தவறு செய்யக்கூடியவர் என்பதை அவரே மறுத்தாலும் மற்றவர் அனைவரும் அறிவர். ஆதலின் தொழிலாளி மறுத்தால் கேட்பவர் சற்றேனும் ஐயுறுவர். சங்கம் வழக்கை எடுத்துச் செல்லும். பொறியின் பிழையோ, பிழையே அற்றதென்னும் புகழ்ப் போர்வைக்குள் ஒளிந்திருப்பது. அங்கு ஐயம் முழுவதும் மனிதன்மீதே திரும்புகிறது. கிராணி செய்த அநீதி ஒரு தோட்டத்தோடு நின்றது. ஹொரைசன் செய்த அநீதி ஒரே நாளில் நாடெங்கும் நிகழக்கூடியதாய் இருந்தது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் தனித்தனியே தம்மை மட்டுமே நொந்துகொண்டனர்.

நம் நாட்டுக்கு இதனால் என்ன?

இது கடல் கடந்த கதை என்று விட்டுவிடலாகாது. சட்டத்தை முதலில் நோக்குவோம். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணிப்பொறி தந்த சான்றை நீதிமன்றத்தில் வைக்கவேண்டுமாயின் பொறி ஒழுங்காக இயங்கியது எனக் காட்ட வேண்டும் என்றது. 1999இல் நிறைவேறிய சட்டம் அப்பிரிவை நீக்கியது. அதன்பின், பொறி சரியாகவே இயங்கியது என்று முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளும் நிலை வந்தது. ஹொரைசன் வழக்குகள் பெருகிய காலமும் அதுவே. நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட 90ஏ பிரிவு இங்குக் கருதத்தக்கது. பொறிக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழில் கையொப்பமிட்டால், அப்பொறி எல்லா வகையிலும் செவ்வனே இயங்கியது என்று ஊகிக்கப்படும் என்கிறது அது. வணிகம் தடையின்றி நடக்க இத்தகைய விதி வேண்டும் என்பதை உணர்கிறோம். ஆயின், தொழிலாளிக்கும் நிறுவனத்துக்கும் இடையே வழக்கு எழும்போது, பொறி நிறுவனத்தின் வீட்டில் இருக்கிறது. அதன் பிழைப்பட்டியலும் அங்கேயே இருக்கிறது. கையொப்பமிடுபவரும் அவர்கள் ஆளே. மறுக்கும் சுமை மட்டும் வெளியே நிற்பவன் தலைமேல்.

இரண்டாவது, தோட்டங்களின் இன்றைய நிலை. எம் செண்டாயான் வட்டாரத்தில் ரப்பர் நின்ற நிலத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகர் எழுந்துவிட்டது. நாட்டில் எஞ்சிய பெருந்தோட்டங்களில் செம்பனையே மிகுதி. அங்குக் குலைகளை எண்ணுவோர் பலர் இப்போது கைக்கருவியில் பதிகின்றனர்; பதிந்தது அலுவலகத்துக்கும் தலைமையகத்துக்கும் நேரே செல்கிறது. குலை வெட்டுவோருள் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாட்டினர் மிகுதி. பழுக்காத குலை என ஒன்று தள்ளப்பட்டால், அது தம் கணக்கில் எவ்வாறு ஏறியது என்பதை அவர் தம் மொழியில் படித்து அறிய முடிகிறதா? தராசு முள்ளைக் கண்ட அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரருக்கு இருந்த அளவு வாய்ப்பேனும் இவருக்கு உண்டா? பொறி புதிது என்பதால் உரிமை பழைய அளவுக்கும் கீழே இறங்குதல் தகாது. நம் தாத்தா பாட்டியர் பட்ட பாடு இன்று வேறொரு மொழி பேசுவோர் தலையில் விழுந்திருந்தால், அதைக் கண்டும் காணாதிருக்க நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, பள்ளிகள். நிறுவனம் என்றால் வணிகம் மட்டுமன்று. நம் நாட்டில் 150க்குக் குறைந்த மாணவர் உள்ள பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்படுகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையில் அடங்கும். எண்ணிக்கை தரவுத்தளத்தில் தெளிவாக இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டதால் குடும்பங்கள் பெயர்ந்தன என்பதும், புதுநகரில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பேருந்து இருந்தால் பிள்ளையை அனுப்ப ஆயத்தமாய் இருக்கிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இல்லை. ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பிக்கப்பட்ட அடிப்படைப் பாடம், மதிப்பெண்ணைப் பிள்ளையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது. நாற்பது மதிப்பெண் வாங்கிய இருவருள் ஒருவன் படிக்காதவன்; மற்றவன் காய்ச்சலோடு தேர்வு எழுதியவன். பட்டியலில் இருவரும் ஒன்றே. பள்ளிக்கும் இது பொருந்தும்.

வேண்டுவன

எனவே, எந்த நிறுவனமும் ஈ.ஆர்.பி.யோ முடிவுத் துணை முறையோ வாங்குமுன், விற்போரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஒன்று: எண் பிறக்கும் இடத்தில் இருப்பவர், 'ஒப்பவில்லை' என்று குறிக்கப் பொறியில் இடம் உண்டா? இரண்டு: அக்குறிப்பைப் படித்து, இத்தனை நாளுக்குள் விடை சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதர் உண்டா? மூன்று: பொறியில் கண்டறியப்பட்ட பிழைகளின் பட்டியல், அப்பொறியால் பாதிக்கப்படக் கூடியவர் கண்ணில் படும்படி வைக்கப்படுமா? நான்கு: பழைய முறையும் புதிய முறையும் போதிய காலம் இணையாக நடத்தப்பட்டு ஒத்துப் பார்க்கப்படுமா? தொழிற்சங்கங்களும் தம் ஒப்பந்தங்களில் இவற்றைக் கேட்டு வாங்கலாம். சம்பளம் எவ்வளவு என்று பேரம் பேசிய காலத்தோடு, சம்பளத்தைக் கணக்கிடும் பொறி எப்படி என்று கேட்கும் காலமும் வந்துவிட்டது.

இவை பெருஞ்செலவு பிடிக்கும் விருப்பங்கள் என்று யாரும் ஒதுக்க வேண்டா. 6,000 வால்வுகளும் ஒரு தொலைபேசியும் கொண்டு ஒரு தேநீர்க்கடை நிறுவனம் 1954இலேயே இவற்றுள் பெரும்பகுதியைச் செய்து காட்டியது. அதனினும் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் பெற்ற பொறி, அதே நாட்டில், அதே கொடியில் தோன்றி, கேட்கும் செவியின்றிக் குடும்பங்களைக் குலைத்தது. இடைப்பட்ட ஐம்பதாண்டில் வளர்ந்தது கணக்கிடும் ஆற்றல். தேய்ந்தது கேட்டறியும் பண்பு. அப்பண்பை விலை கொடுத்து வாங்க முடியாது. ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் அலுவலக ஒழுங்கிலும் நாமே எழுதி வைத்தால் மட்டுமே அது பொறிக்குள் புகும்.